கதிர்காமப் பாதயாத்திரை: வழியின் சமத்துவமும் ஊரின் அமைப்பும்

1

யாத்திரையைத் தனிமனிதரின் பக்தி வெளிப்பாடாக மாத்திரம் நோக்கும் மரபு எம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகின்றது. தலபுராணங்களும் சமயச் சொற்பொழிவுகளும் அதனை ஆன்மாவின் பயணமாகவே காட்டுகின்றன. மறுபுறத்தில், முற்போக்கு எண்ணமுடையோர் பலர் அதனை மூடநம்பிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்கின்றனர். இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றினும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. நடப்பவர் யார், அவர் எவ்வழியால் நடக்கின்றார், வழியில் அவருக்கு உணவிடுவோர் யார், எவருடைய பாத்திரத்தில் அவர் நீர் அருந்துகின்றார் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, தொண்டைமானாற்றில் அமைந்துள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து இலங்கையின் தென்கிழக்கிலுள்ள கதிர்காமம்வரை செல்லும் பாதயாத்திரையை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்ப இக்கட்டுரை முயல்கின்றது. இவ்வழியில் நடப்போரிடையே ஒருவகைச் சமத்துவம் நிலவுகின்றது என்பது பலரும் கண்டு கூறிய உண்மை. அச்சமத்துவம் எத்தகையது, எதனை அடிப்படையாகக் கொண்டது, யாத்திரை முடிந்ததும் அது என்னவாகின்றது என்பனவே இங்கு ஆராயப்படுவன. யாழ்ப்பாணத்தின் சாதியமைப்பையும் அதற்கெதிரான போராட்ட வரலாற்றையும் அறிந்த எவருக்கும் இவ்வினாக்கள் ஏட்டளவில் நின்றுவிடக்கூடியவையல்ல. இக்கட்டுரையாளர் அண்மையில் முதியவர் ஒருவருடன் இவ்வழியின் இறுதிப் பகுதியை நடந்து கடந்தபோது கண்டவையும் ஆய்வுக்குத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2

முதலில் வழியை நோக்குவோம். சந்நிதியில் வேல் பெற்றுப் புறப்படும் அடியார்கள் குடாநாட்டைக் கடந்து வன்னிக்குள் புகுந்து, முல்லைத்தீவுக் கரையை அடைவர். அங்கிருந்து கடலுக்கும் களப்புகளுக்கும் இடையிலான கரையோரமாகத் தெற்கு நோக்கி நடப்பர். திருகோணமலையிற் கோணேசுவரம், வெருகலிற் சித்திரவேலாயுத சுவாமி கோயில், மட்டக்களப்பில் மாமாங்கேசுவரர் கோயில், அதன் தெற்கே மண்டூர், திருக்கோவில் எனத் தலங்கள் தொடர்கின்றன. பொத்துவிலையும் பாணமையையும் கடந்தால் உகந்தைமலை. அதற்கப்பால் ஊர் இல்லை. குமண, யால என்னும் வனவிலங்குச் சரணாலயங்களினூடாகச் செல்லும் காட்டுவழி மாத்திரமே உண்டு. கும்புக்கன் ஆற்றையும் மாணிக்க கங்கையையும் கடந்து நான்கைந்து நாட்களிற் கதிர்காமத்தை அடையலாம். ஆடிமாதக் கொடியேற்றத்தை ஒட்டி அங்கு சேரும்வகையிற் புறப்படும் முழுயாத்திரைக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வேண்டும். இன்று பெரும்பாலானோர் உகந்தைவரை பேருந்தில் வந்து, காட்டுவழியை மாத்திரம் நடக்கின்றனர். ஆண்டுதோறும் குறித்த சில நாட்களுக்கே அவ்வழியை அதிகாரிகள் திறந்துவிடுவர். அந்நாட்களிற் பல்லாயிரவர் அதனூடாகச் செல்வர்.

யாத்திரைக் காலத்தைத் தீர்மானிப்பது திருவிழா என்பது வெளிப்படை. ஆயின் திருவிழாவுக்கும் உற்பத்தி வாழ்வுக்கும் உள்ள இயைபு மனங்கொள்ளத்தக்கது. மாரிமழையை நம்பி விதைக்கப்படும் நெல் மாசி, பங்குனியளவில் அறுவடையாகிவிடும். அடுத்த விதைப்புவரை மானாவாரி நிலத்தை நம்பிய உழவருக்கும் கூலியாட்களுக்கும் நிலத்தில் வேலை குறைவு. வடக்கிற் சோளகமும் கிழக்கிற் கச்சானும் வீசும் அவ்வரட்சிக் காலத்திலேயே ஆறுகள் வற்றி, நடந்து கடக்கத்தக்கனவாகின்றன; காட்டுப் பாதைகளும் சேறின்றிக் காய்ந்திருக்கின்றன. களஞ்சியத்தில் நெல் இருப்பதால் வழியிலுள்ள கிராமங்கள் அந்நியருக்குச் சோறிடவும் கூடியதாகவுள்ளது. நடப்பவருக்கு ஓய்வும், இடுபவருக்குத் தானியமும், இருவருக்கும் இடையே கடக்கக்கூடிய ஆறும் ஒருங்கே அமையும் பருவம் இதுவேயாகும். நம்பிக்கையை இக்காரணிகள் தோற்றுவித்தன என்பது எமது வாதமன்று. நம்பிக்கை நடையாக உருவெடுப்பதற்கு இவை இன்றியமையாதனவாக இருந்தன என்பதே கருத்து.

வழியிலுள்ள மக்களின் இயல்பும் கவனிக்கப்பட வேண்டியது. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் மாறிமாறி வரும் கிழக்குக் கரையோரத்தின் தென்கோடியிலுள்ள பாணமையிலே, சிங்களரும் தமிழரும் தலைமுறைகளாக மணவுறவு கொண்டு கலந்து வாழ்ந்து வந்துள்ளனர். கதிர்காமத்திலும் நிலைமை இத்தகையதே. மகாதேவாலயத்திற் சிங்களக் கப்புறாளைமார் வாய்கட்டிப் பூசை செய்கின்றனர். அண்மையில் தெய்வானையம்மன் கோயில் உண்டு. வள்ளியம்மன் கோயிலை அடுத்துப் பள்ளிவாசல் அமைந்துள்ளது. முஸ்லிம்கள் அத்தலத்தைக் கிழ்று நபியுடன் தொடர்புபடுத்துவர். கிரிவிகாரை பௌத்தர்களின் வணக்கத்துக்குரியது. வள்ளியைத் தம் குலத்தவளாகக் கொள்ளும் வேடர்களின் உரிமை இவை யாவற்றுக்கும் முற்பட்டதாகக் கருதப்படுகின்றது.

3

யாத்திரை தொடங்கும் இடமான செல்வச்சந்நிதி யாழ்ப்பாணக் கோயில்களுள் தனித்தன்மை வாய்ந்தது. இங்கு பூசை செய்வோர் பிராமணர் அல்லர்; கரையோர மீனவ சமூகத்தவர். அச்சமூகத்தைச் சேர்ந்த மருதர் கதிர்காமர் என்பவருக்கு முருகனே வழிபாட்டு முறையைக் கற்பித்தான் என்று ஐதிகம் கூறும். கதிர்காமத்திற் போலவே இங்கும் வாய்கட்டிப் பூசை நடைபெறுகின்றது. ஆலமிலையில் அமுது படைக்கப்படுகின்றது. அன்னதானக் கந்தன் என்றும் இத்தலத்து இறைவனை மக்கள் அழைப்பர். கோயிலைச் சூழவுள்ள மடங்களில் வந்தோர்க்கெல்லாம் உணவளிக்கும் வழக்கமே அப்பெயருக்குக் காரணம்.

19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் (1822-1879) முன்னெடுத்த சைவ மறுமலர்ச்சி ஆகமநெறியையே கோயில்களுக்கான அளவுகோலாகக் கொண்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அவ்வளவுகோலின்படி நாவலரின் கண்டனத்துக்குள்ளாயிற்று. மிஷனரிமாரின் தாக்குதலுக்கெதிராகச் சைவத்தைப் பாதுகாத்த அவ்வியக்கத்தின் வரலாற்றுப் பங்கினை மறுப்பதற்கில்லை. எனினும், ஆகமமயமாக்கம் என்பது வழிபாட்டுச் சீர்திருத்தமாக மாத்திரம் நின்றுவிடவில்லை. யார் எதுவரை செல்லலாம், யார் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்னும் வரையறைகளுக்குச் சாத்திர அங்கீகாரத்தையும் அது வழங்கிற்று. நிலவுடைமையாளரான வேளாளரின் ஆதிக்கம் அதனால் உறுதிபெற்றது. இப்பின்னணியிலேயே சந்நிதியினதும் கதிர்காமத்தினதும் ஈர்ப்பினை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆகமத்தின் எல்லைக்கு வெளியே நின்ற இத்தலங்கள், சாதியடுக்கின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டோருக்குத் தெய்வத்தை இடைத்தரகரின்றி அணுகும் வாய்ப்பினை ஓரளவிற்கேனும் வழங்கின.

ஆகமத்துக்குப் புறம்பானவை யாவும் சமத்துவமானவை என்று முடிவுகட்டுவதும் தவறாகும். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூரும், திருக்கோவில் முதலிய மட்டக்களப்புப் பிரதேசத்தின் பழைய தேசத்துக் கோயில்களும் குடிமுறையை அடிப்படையாகக் கொண்ட உரிமைகளாலும் வரிசைகளாலும் ஒழுங்கமைக்கப்பட்டவை. டெனிஸ் மக்கில்வ்ரே போன்ற மானிடவியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். யாத்திரிகர் தங்கிச் செல்லும் கோயில்களே ஏற்றத்தாழ்வின் நிறுவனங்களாகவும் விளங்குகின்றன. எனவே சமத்துவம் என்று எதனையேனும் சுட்டுவதானால், அது தலங்களிலன்றி ஒரு தலத்துக்கும் மறு தலத்துக்கும் இடையிலுள்ள வழியிலேயே தேடப்பட வேண்டியதாகின்றது.

வழியின் நியமங்கள் எளியவை. கூட்டத்துக்கு முன்னே வேலைத் தாங்கிச் செல்பவர் வேல்சாமி. ஏனைய யாவரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே விளிப்பர். ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் இயற்பெயரும் அங்கு பயன்படுவதில்லை. கிடைப்பதைப் பகிர்ந்துண்டு, மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் உறங்குவர். பெண்கள், சிறப்பாக வயது முதிர்ந்தோர், பெருந்தொகையினராகப் பங்குகொள்வதும் குறிப்பிடத்தக்கது. துணையின்றி அடுத்த ஊருக்குச் செல்லவும் விளக்கம் கூறவேண்டிய சமூகத்தில், இரண்டு மாதம் வீட்டையும் அடுக்களையையும் விட்டு நடப்பதற்குப் பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரேயோர் அனுமதிச்சீட்டாக நேர்த்திக்கடன் அமைந்துவிடுகின்றது.

4

நடப்போரின் கூட்டம் எக்காலத்திலும் அதிகாரத்தின் கண்காணிப்புக்குட்பட்டே வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதியைக் காரணங்காட்டிப் பிரித்தானிய ஆட்சியாளர் கதிர்காம யாத்திரிகரின் தொகையை மட்டுப்படுத்தி, அனுமதிச்சீட்டு முறையையும் புகுத்தினர். நோயச்சம் பொய்யன்று. ஆயினும் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியத் தொழிலாளரை ஆயிரக்கணக்கிற் காட்டுவழியே நடத்திச் சென்ற அதே ஆட்சி, தொழிலாளர் தம் விருப்பின்படி கோயிலுக்கு நடந்தபோது மாத்திரம் அதனைப் பேராபத்தாகக் கண்டமை சிந்திக்கத்தக்கது. உழைப்புக்கான நடை கட்டாயமாகவும், உழைப்பிலிருந்து விலகிய நடை ஒழுங்கீனமாகவும் கருதப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் நிருவாகப் பயிற்சி பெற்றுப் பின்னர் 1908 முதல் 1911வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃபின் கடமைகளுள் கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்வதும் ஒன்றாயிருந்தது. 1913இல் வெளிவந்த அவருடைய ‘காட்டில் ஒரு கிராமம்’ என்னும் நாவலில் இத்தகைய யாத்திரையொன்று முக்கிய இடம்பெறுகின்றது. கடன், நோய், அதிகாரம் என்பவற்றிடையே நசுங்கிய ஏழைக் குடியானவர் தெய்வத்திடம் நடந்துசெல்வதை அவர் நுணுக்கமாகச் சித்திரித்தார். பின்னாளில் ஏகாதிபத்தியத்தின் விமர்சகராக அவர் மாறியதற்கு இலங்கையில் அவர் பெற்ற அனுபவங்களும் காரணமாயின.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை வேறு திசையில் மாறிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திசமகாராமையிலிருந்து கதிர்காமத்துக்கு மோட்டார் வாகனப் பாதை அமைந்ததும் தென்னிலங்கை நகர மாந்தர் பெருந்தொகையில் அங்கு செல்லலாயினர். சிங்கள பௌத்தரிடையே கதிர்காமத் தெய்வத்தின் செல்வாக்கு வளர்ந்தமையைக் கணநாத் ஒபேசேகர 1970களின் பிற்பகுதியில் எழுதிய கட்டுரைகளில், வாழ்க்கைப் போட்டியும் ஏமாற்றமும் மிகுந்த நவீன சமூகச் சூழலுடன் தொடர்புபடுத்தி விளக்கினார். தெய்வத்தின் வளர்ச்சியைத் தெய்வத்திலன்றிச் சமூகத்திலே தேடிய அவருடைய அணுகுமுறை, அதன் உளவியற் சார்பினை ஏற்காதோருக்கும் பயன்தருவது. இதே காலத்திலேயே அத்தலத்தின் பன்மைத்தன்மை பேரினவாத அழுத்தத்தின் கீழ்ச் சுருங்கத் தொடங்கிற்று. 1983 யூலை வன்செயலின் பின் தமிழரின் நெடுநடை தடைப்பட்டது. 1988இல் அதற்குப் புத்துயிரளிக்கப்பட்டதாயினும், போர்க்காலத்தில் அது இடையூறுகளுடனேயே நடைபெற்றது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை, யாத்திரிகருக்குச் சோறிட்ட கரையோரக் கிராமங்கள் பலவற்றை அழித்தது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னரே சந்நிதியிலிருந்தான நெடுநடைக்கு மீண்டும் வழி ஏற்பட்டது. முள்ளிவாய்க்காலுக்கு அண்மித்த நிலத்தினூடாகச் செல்லும் அந்நடை, அங்கு உறவினரை இழந்தோர் பலருக்குச் சொல்லப்படாத நினைவுகூரலாகவும் உள்ளது.

5

யாத்திரை வழியிற் சமூக வேறுபாடுகள் கரைந்து, மனிதர் மனிதராக ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் கூட்டுணர்வு தோன்றுகின்றது என்று வாதிட்டவர் மானிடவியலாளர் விக்டர் டேர்னர். எடித் டேர்னருடன் இணைந்து 1978இல் அவர் வெளியிட்ட நூல் கிறிஸ்தவ யாத்திரைகளை இந்நோக்கில் ஆராய்ந்தது. பழகிய சமூக நிலையிலிருந்து விலகி, இன்னும் புதிய நிலையை அடையாத இடைநிலையிலேயே இக்கூட்டுணர்வு பிறக்கின்றது என்பது அவருடைய கருத்தின் சாரம். கதிர்காம வழியிற் காணப்படுவதை இக்கருத்து நன்கு விவரிக்கின்றது. ஆனால் விவரிப்பது வேறு, விளக்குவது வேறு.

இதற்கு முன்னரே, 1962இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கட்டுரையொன்றில் இராவதி கார்வே மகாராட்டிரத்தின் பண்டரிபுர யாத்திரையிற் கண்டதை எழுதியிருந்தார். ஒரே குழுவிற் சேர்ந்து நடந்து, ஒரே பாடல்களைப் பாடிக் கண்ணீர் மல்கிய அடியார்கள், உணவுவேளையிற் சாதிவாரியாகப் பிரிந்து தனித்தனியே சமைத்து உண்டனர். சாதி வேறுபாட்டைக் கண்டித்த பக்தர்களின் பாடல்களைப் பாடிக்கொண்டே அவ்வேறுபாட்டைப் பேணினர். அடியார்களுள் ஒருவராகவே நடந்த கார்வேயை இது வருத்திற்று. யாத்திரைச் சமத்துவம் சமூக அமைப்பினால் எல்லைப்படுத்தப்பட்டது என்பதை டேர்னரும் ஏற்றுக்கொண்டவரே. எனினும் அவ்வெல்லை எங்கே, ஏன் வரையப்படுகின்றது என்பதைக் காட்டியது கார்வேயின் நேரடி அவதானமே. பாட்டிலே மறைந்த சாதி அடுப்பருகே வெளிப்படுகின்றது. உணவும் நீரும் உற்பத்தியோடும் உடைமையோடும் நேரடியாகப் பிணைந்தவையாதலின் அவ்விடத்தில் அமைப்பு தளர்வதில்லை.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற நெடுநடையாகிய ஸ்பானியாவின் சந்தியாகோ யாத்திரையும் வேறொரு வகையில் இதனையே உணர்த்துகின்றது. பிரெஞ்சு எல்லையிலிருந்து வடஸ்பானியக் கிராமங்களினூடாக ஏறத்தாழ 780 கிலோமீற்றர் செல்லும் அவ்வழி, வெறும் பக்தியினால் மாத்திரம் உருவானதன்று. 11ஆம் நூற்றாண்டில் நவார், அரகன் மன்னர்கள் வழியோர நகரங்களிற் குடியேறிய வணிகருக்கும் கைவினைஞருக்கும் சலுகைகள் வழங்கினர். மடாலயங்கள் நிலமும் செல்வமும் பெற்று விருந்தோம்பின. யாத்திரைக்குரிய புனிதர் யாக்கோபு, முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தும் குதிரை வீரராகவும் உருவகிக்கப்பட்டு, தென்திசை நோக்கிய போர்களுக்குக் கொடியானார். 1987இல் ஐரோப்பியப் பேரவை அதனைப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் அதன் ஸ்பானியப் பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இறுதி 100 கிலோமீற்றரை நடந்தோருக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. 2023இல் அச்சான்றிதழைப் பெற்றோர் 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நிலமானிய அரசுகளுக்குத் தேவைப்பட்ட வழி இன்று சுற்றுலாப் பொருளாதாரத்துக்குத் தேவைப்படுகின்றது. வழியின் அனுபவத்தை வழியைப் பேணும் சக்திகளிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே இவ்வொப்பீட்டின் பயன்.

6

இவ்விடத்தில் உடன் நடந்தவரைப் பற்றிக் கூறுதல் அவசியமாகின்றது. அவர் வடமராட்சிக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஒடுக்கப்பட்ட சாதியொன்றிற் பிறந்து, கூலியுழைப்பிலேயே வாழ்ந்தவர். இக்கட்டுரையாளரின் பாட்டனாருடைய புகையிலைத் தோட்டத்தில் இளமை முதல் நீர் இறைத்தவர். பாட்டனாரை அவர் ‘நயினார்’ என்று அழைத்ததையும், எங்கள் முற்றத்துக்கு அப்பால் நின்று சிரட்டையில் நீர் வாங்கிக் குடித்ததையும் வீட்டிலே மூத்தோர் இயல்பான செய்தியாகவே நினைவுகூருவர். சிறுவனாயிருந்த கட்டுரையாளரும், தன் பாட்டன் வயதினரான அவரைப் பெயர் சொல்லியே அழைத்து வளர்ந்தவன். அது தவறென்று அன்று எவரும் கூறவில்லை.

உகந்தையில் நடை தொடங்கியதும் விளிச்சொல் மாறிற்று. அவர் எனக்குச் சாமி, நான் அவருக்குச் சாமி. கும்புக்கன் ஆற்று மணலிலே அவர் கையால் ஊற்றுத் தோண்டித் தெளியவிட்டு, போத்தலில் நிரப்பி முதலில் என்னிடம் நீட்டினார். நான் குடித்தபின் அதே போத்தலில் அவரும் குடித்தார். ஆறு தலைமுறைக்கேனும் நடந்திராத ஒன்று எங்கள் இரு குடும்பங்களுக்கிடையில் அவ்வாற்று மணலில் எவ்வித ஆரவாரமுமின்றி நடந்து முடிந்தது. இதனைக் கூறியபோது அவர் சிரித்தார்.

“காட்டில ஆற்றை கிணறு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, சாமி. ஊருக்குப் போனாப் பிறகுதான் கிணத்துக்குக் கட்டு வரும்” என்றார்.

அவர் பக்தர் மாத்திரமல்லர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக அமர்ந்த இளைஞருள் ஒருவர். உள்ளே இருந்ததும் முருகன்தானே, கதிர்காமத்து முருகனிடம் நடந்து செல்லத் தடையில்லாதபோது மாவிட்டபுரத்துக்காக ஏன் அடிபட்டீர்கள் என்று வினவினேன்.

“கதிர்காமத்துக்குப் போறது வேண்டுதல். மாவிட்டபுரத்துக்குப் போனது உரிமை. வேண்டுதலுக்குத் தூரத்துக்குப் போகலாம். உரிமையை ஊரிலதானே கேக்கவேணும்” என்பது அவருடைய விடை.

வழி முழுவதும் அவருடைய கூற்றுக்குச் சான்றாகவே இருந்தது என்று கூறுவதும் பொருந்தாது. காட்டுக்குள் புகுவதற்கு முதல்நாள், தங்குமிடமொன்றிற் குடாநாட்டைச் சேர்ந்த ஒரு குழுவினர் எங்களுக்குச் சோறிட அழைத்தனர். அமர்ந்ததும், எந்த ஊர், ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி என ஒன்றன்பின் ஒன்றாக வினவினர். யாழ்ப்பாணத்தில் இவ்வினாக்களின் நோக்கம் யாவரும் அறிந்ததே. அவர் ஊர்ப்பெயரைக் கூறி, அதற்குமேல் எதுவும் கூறாமல் எழுந்து கைகழுவச் சென்றார். நான் மௌனமாக உண்டேன். அம்மௌனத்தை இக்கட்டுரையிற் பதிவு செய்வது ஆய்வு நேர்மையின்பாற்பட்டது. சாமி என்னும் சொல் காட்டின் எல்லைக்கு ஒரு நாள் முன்னரே தோற்றுப்போனதற்கு நானும் உடந்தையாயிருந்தேன்.

7

அவர் கூறிய ‘உரிமை’ என்னும் சொல்லை வரலாற்றில் வைத்து நோக்குதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களிற் சாதியின் பேராற் செய்யப்படும் விலக்கலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, பொதுவுடைமைக் கட்சியின் சீனச் சார்புப் பிரிவினர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர்வரை சாதியெதிர்ப்பு ஊர்வலமொன்றை நடத்தினர். பொலிஸாரின் தடியடியையும் மீறி அது நகரை அடைந்தது. தேநீர்க் கடைகளிற் சமமாக அமர்ந்து அருந்துவதற்கும் கோயில்களுள் நுழைவதற்குமான போராட்டங்கள் அடுத்தடுத்து வெடித்தன. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலான நாவல்கள் இப்போராட்டங்களின் அனுபவத்திலிருந்தே பிறந்தன. அவருடைய மற்றொரு நாவலுக்குத் ‘தண்ணீர்’ என்பதே பெயர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு இரண்டு மாதம். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். சில மணி நேரம். எனினும் இரண்டாவது நடை ஊரினூடாகவே சென்றது; ஊரின் கடையையும் கிணற்றையும் கோயில் வாசலையும் பெயர்சொல்லிச் சுட்டியது. முதலாவது நடை, ஊரிலே மாற்றத்தைக் கோராமல், ஊருக்கு வெளியே மாற்றத்தை அனுபவிக்கச் செய்தது. ஒருவகையில் ஊரின் அமைப்பு நீடிப்பதற்கு இவ்வடிகாலும் உதவியிருக்கலாம். ஆண்டுக்கொரு முறை சாமியாக இருந்தவர் எஞ்சிய பத்து மாதங்களையும் பொறுத்துக்கொள்ளக்கூடும்.

ஆயின் இதனோடு நிறுத்துவது அரைகுறையான முடிவாகும். 1844இல் மார்க்ஸ் சமயத்தை அபினுடன் ஒப்பிட்டதை எடுத்துக்காட்டுவோர் பலர், அதே பந்தியில் அவர் சமயத் துயரை உண்மையான துயரின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான எதிர்ப்பாகவும் கண்டதை மறந்துவிடுகின்றனர். காட்டிலே ஒரே போத்தலில் நீர் அருந்திய அனுபவம் மாயையன்று. சாதியின்றி வாழ மக்களுக்குத் தெரியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்று. மாவிட்டபுர வாசலில் அமர்ந்த அதே மனிதர் கதிர்காமத்துக்கும் நடந்தார் என்பதை எமது இடதுசாரி இயக்கம் போதியளவு ஆராயவில்லை. போராட்டத்தில் அவரைத் தோழராகக் கண்டோம். யாத்திரையில் அவரைப் பின்தங்கியவராகக் கண்டோம். அவருடைய வாழ்விலோ இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஊரின் அமைப்பு இயற்கையானதன்று என்னும் அறிவைப் பெறுவதற்கு அவருக்கு அக்காட்டுவழியும் ஒரு பள்ளியாக இருந்திருக்கக்கூடும். அப்பள்ளியை நம்பிக்கையாளரிடமே விட்டுவிட்டு நாம் விலகி நின்றதன் விளைவுகளை இன்று காண்கின்றோம். போருக்குப் பிந்திய குடாநாட்டிற் கோயில்கள் பெருத்துள்ளன. கிணறுகளையும் சுடலைகளையும் பற்றிய தகராறுகள் முற்றாக ஓயவில்லை.

திரும்பும் பயணம் பேருந்தில். நெல்லியடியில் இறங்கியபின், வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திச் செல்லும்படி அவரை அழைத்தேன். அப்பொழுது என்னையறியாமல் வாயில் வந்தது அவருடைய பெயரே. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐயா என்று திருத்தினேன். அவர் அதனைக் கவனித்தாரா என்பது தெரியவில்லை.

“வாறன் தம்பி, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் வளவுக்குப் பின்பக்கத்தால வாறன்” என்றார்.

முன்வாசலால் வரும்படி வற்புறுத்தி, அவருடனேயே நடந்து வீட்டினுள் அழைத்துச் சென்றேன். அம்மா தேநீர் கொண்டுவந்தார். இரண்டு கோப்பைகளும் ஒரே வகையினவாகவே இருந்தன; அன்று மாலை அவற்றைக் கழுவி ஒரே தட்டில் வைத்தவன் நான். இதனைச் சாதனையெனக் கூறுவதற்கில்லை. கதிர்காமவழி இரண்டு மாதத்திற் கற்பிப்பதை ஊருக்குள் நிலைநிறுத்துவதற்குத் தனிமனித நல்லெண்ணம் போதாது. நிலம், நீர், கோயில் நிருவாகம் என்பவற்றின்மீதான உடைமையுறவுகள் மாறவேண்டும் என்பதை 1966உம் 1968உம் காட்டியுள்ளன. அம்மாற்றத்துக்காக உழைப்போர் யாத்திரையின் அனுபவத்தை எவ்வாறு தம்வயப்படுத்திக்கொள்ளலாம் என்பது விரிவாக ஆராயப்பட வேண்டியது. அவ்வாய்வு, நடப்பவர்களோடு சேர்ந்து நடப்பதிலிருந்து தொடங்குதல் நன்று.